டயர் வாங்கும்போதும் வியாபாரியாக இருப்போம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் மளிகைக் கடையும் மண்டியும் நடத்தும் நம்மவர் வீட்டு வாசலில் கார் நிற்பது இன்று புதுமையல்ல. கொள்முதலுக்கு மதுரைக்கும் விருதுநகருக்கும் பஸ் பிடித்துப் போன தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. கல்லாவில் உட்காரும் பிள்ளைகள் இப்போது வாங்குவது சாதாரணக் காரும் அல்ல. ஹூண்டாய் ஐ20 என்-லைன், ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ் ஜிடி என்று, மிதித்தால் சீறுகிற கார்களாகவே தேடுகிறார்கள். உழைத்துச் சம்பாதித்தவர்கள் விரும்பியதை வாங்கட்டும். அதை நாம் குறை கூறவில்லை. நாம் பேச வந்தது, அந்தக் காருக்கு முதல் டயர் தேய்ந்தபின் இரண்டாவது டயர் வாங்குகிற விதத்தைப் பற்றி.

துவரம்பருப்பு மூட்டை வந்தால் கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்க்கிறோம். மல்லியை மோந்து பார்க்கிறோம். மிளகாய் வற்றலில் காம்பு எத்தனை, ஈரம் எத்தனை என்று கணக்கிடுகிறோம். பிஸ்கட் பெட்டியில் தயாரிப்புத் தேதி பார்க்காமல் எந்தக் கடைக்காரரும் சரக்கு இறக்குவதில்லை. ஆனால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து நான்கு டயர் வாங்கும்போது மட்டும், ‘நல்ல கம்பெனியா, ரொம்ப நாள் உழைக்கிறதா பார்த்துப் போடுங்க’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். வியாபாரி வியாபாரியாக இல்லாமல் போகிற இடம் இதுதான்.

‘ரொம்ப நாள் உழைக்கிற டயர்’ என்ற அந்தக் கேள்வியே நமக்குப் பொருந்தாத கேள்வி என்பது நம் கருத்து. நம் பகுதிக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் கேட்க வேண்டியது, ‘ஈரச் சாலையில் பிடித்து நிற்கிற டயர் எது? அது எந்த வாரம் செய்யப்பட்டது?’ என்பதே. வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு ஈரச் சாலை பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

நிற்கும் காரின் கணக்கு

காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிறவரின் கார், ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயில், முகூர்த்த நாளில் கல்யாணம், வாரத்தில் ஒரு நாள் கொள்முதல் என்று பார்த்தால் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம்.

டயரின் ரப்பர் கெட்டியாக இருந்தால் தேய்மானம் குறையும்; சாலையைப் பிடிக்கும் தன்மையும் பொதுவாகக் குறையும். ரப்பர் இளகியதாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நல்ல கம்பெனிகள் சிலிக்கா என்ற பொருளைச் சேர்த்து இந்த இரண்டுக்கும் நடுவே ஓரளவு சமாதானம் செய்து வைத்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸ் நாட்டு மிஷலின் நிறுவனம் பரவலாக்கிய முறை அது. ஆனாலும் அடிப்படை வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆயுளைக் கூட்டினால் பிடியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

70,000 கிலோமீட்டர் உழைக்கும் டயர் ஒன்றை வாங்குகிறோம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,000 வீதம் அதைத் தேய்த்து முடிக்க எட்டே முக்கால் ஆண்டு ஆகும். ஆனால் ரப்பர் ஓடினாலும் முதிர்கிறது, நின்றாலும் முதிர்கிறது. வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து அதைக் கல்லாக்குகின்றன. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் போன்ற தயாரிப்பாளர்களின் அறிவுரை. கார் நிறுவனங்களில் சில ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. வெயில் கூடிய நாடுகளில் முதிர்ச்சி இன்னும் விரைவு. சித்திரை வெயிலில் கடை வாசலில் நாள் முழுதும் நிற்கிற காருக்கு ஆறு ஆண்டு என்பதே தாராளம்.

ஆறு ஆண்டில் நாம் ஓடியிருப்பது 48,000. மீதி 22,000 கிலோமீட்டர் டயரிலேயே தங்கி, டயரோடு குப்பைக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விற்காமலே கொட்டுவதற்கு இது சமம். அதற்காக ஆறு ஆண்டும் குறைந்த பிடியோடு ஓட்டியிருக்கிறோம் என்பது தனிக் கணக்கு.

இப்போது பிடிப்பு மிகுந்த டயரைப் பார்ப்போம். அது 40,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், நம் ஓட்டத்துக்கு ஐந்து ஆண்டு வரும். ரப்பர் முதிர்கிற காலமும் பட்டன் தேய்கிற காலமும் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன. சரக்கு தேங்கவில்லை. ஸ்போர்ட் டயர் சீக்கிரம் தேயும் என்று எல்லோரும் சொல்லும் குறை, கடைக்காரரின் கணக்கில் குறையாக நிற்பதில்லை.

விலை வித்தியாசம்? ஆயுள் டயர் ஒன்று ரூ.7,000, பிடிப்பு டயர் ஒன்று ரூ.9,000 என்று உதாரணத்துக்கு வைப்போம். முதல் வகை நான்குக்கு ரூ.28,000, ஆறு ஆண்டில் மாற்றினால் ஆண்டுக்கு ரூ.4,667. இரண்டாவது வகை நான்குக்கு ரூ.36,000, ஐந்து ஆண்டில் மாற்றினால் ஆண்டுக்கு ரூ.7,200. வித்தியாசம் ஆண்டுக்கு ரூ.2,533. அதாவது ஒரு நாளைக்கு ஏழு ரூபாய். ஒரு டீக்குக் கூட வராத காசு. ஆனை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசிக்கலாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குத் தினமும் போய் வருகிறவர் ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவார். அவர் எந்த டயரையும் இரண்டு மூன்று ஆண்டில் தேய்த்துவிடுவார். அவருக்கு ஆயுள் கணக்கு நியாயமே. மேலே சொன்னது நிற்கும் காருக்கு. யார் எந்த வகை என்பதை மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மழை இல்லாத ஊருக்கு மழை டயரா?

‘நம்ம ஊர்ல மழை எங்க பெய்யுது? காஞ்ச ரோட்டுல எந்த டயரும் நிக்கும்’ என்பது கடைத்தெருவில் அடிக்கடி கேட்கும் பேச்சு. நம் கருத்து இதற்கு நேர் எதிர். மழை குறைவான ஊர் என்பதாலேயே மழைப் பிடி வேண்டும்.

தை முதல் புரட்டாசி வரை நம் சாலைகளில் லாரிகள் சிந்திய டீசலும் எண்ணெயும், ஆடிக்காற்று வாரியடித்த கரிசல் தூசியும், டயர்கள் தேய்ந்து உதிர்த்த ரப்பர் பொடியும் படிந்து கிடக்கின்றன. அடிக்கடி மழை பெய்யும் ஊரில் இவை அவ்வப்போது கழுவப்பட்டுவிடும். நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் அந்த அழுக்கெல்லாம் நீரோடு குழைந்து, சாலை மேல் சோப்புப் பூசியதுபோல் ஆகிறது. ஒன்பது மாதம் காய்ந்த சாலையில் ஓட்டிப் பழகிய காலும் அன்றைக்கு மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. தீபாவளிக் கொள்முதலுக்கு மதுரை, தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் நாம் அலைகிற வாரமும் அதே ஐப்பசிதான்.

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் காரை நான்கு உள்ளங்கை ரப்பர் பிடித்து நிறுத்துகிறது. வேகம் 80லிருந்து 100 ஆனால் பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் விற்கும் ஒவ்வொரு கார் டயருக்கும் ஈரச் சாலைப் பிடிக்குத் தர எழுத்து ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த அட்டவணையில் முதல் தரமான ஏ டயருக்கும் கடைசித் தரமான எஃப் டயருக்கும், ஈரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்று சொன்னார்கள். பதினெட்டு மீட்டர் என்பது நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். பந்தல்குடி விலக்கில் சாலையைக் கடக்கும் டிவிஎஸ் 50க்கும் நம் பம்பருக்கும் நடுவே அந்தப் பதினெட்டு மீட்டர் இருப்பதும் இல்லாததும் ஓர் உயிரின் கணக்கு.

நம் நாட்டிலும் 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டயர்களின் உருளும் தடை, ஈரப் பிடி, ஓசை ஆகியவற்றுக்கு ஏ.ஐ.எஸ்.142 என்ற தரத்தைக் கட்டாயமாக்கி அறிவிப்பு வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அது ‘இதற்குக் கீழே போகக் கூடாது’ என்று கோடு போடும் தரம். எது மற்றதைவிட மேல் என்று அது வாங்குபவருக்குச் சொல்லாது. எரிசக்தித் திறன் பணியகம் கொண்டு வந்த நட்சத்திரக் குறி எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் கண்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். மழையில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நல்ல பெயர் மட்டும் போதாது

‘கம்பெனி பெயர் ஒன்று போதாதா?’ என்பவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறோம். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நடந்தது. இருபது கார்களில் பதினான்கு மிஷலின் டயர் போட்டவை. அந்த மைதானத்தில் சரிவாகக் கட்டிய வேகமான ஒரு வளைவில் அந்த டயர்கள் தாங்குமா என்று டயர் கம்பெனிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பந்தயம் தொடங்குவதற்கு முன் சுற்றும் சுற்றோடு பதினான்கு கார்களும் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அதில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

மிஷலின் மட்டமான கம்பெனியா? உலகின் முதல் வரிசை நிறுவனங்களில் ஒன்று. அந்தச் சாலைக்கு அந்த டயர் பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். கோடிக்கணக்கில் செலவழித்துப் பந்தயம் ஓட்டுகிறவர்களே பெயரை மட்டும் நம்ப முடியவில்லை என்றால், நாமும் நம் சாலையை வைத்துத்தான் டயரை எடை போட வேண்டும்.

கடையில் கிடைக்கும் டயர்களை நாம் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆயுளைச் சொல்லி விற்பவை முதல் வகை. அப்போலோ அமேசர் 4ஜி லைஃப் போன்றவை. சொகுசும் பிடியும் சமமாகக் கலந்தவை இரண்டாம் வகை. மிஷலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, எம்.ஆர்.எஃப். பெர்ஃபின்சா போன்றவை. பிடியையும் வளைவில் உறுதியையும் முன்னிறுத்தும் ஸ்போர்ட் டயர்கள் மூன்றாம் வகை. மிஷலின் பைலட் ஸ்போர்ட், அப்போலோ நிறுவனத்தின் விரெடெஸ்டைன் அல்ட்ராக் போன்றவை. இன்ன பெயரைத்தான் வாங்குங்கள் என்று நாம் சிபாரிசு செய்யவில்லை. குறைவாக ஓடும் வேகக் காருக்கு இரண்டாம், மூன்றாம் வகைகளுக்குள் தேடுங்கள் என்பதே நாம் சொல்வது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் அதிகம் போகிறவருக்கு இரண்டாம் வகை ஏற்றது. நான்கு வழிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓடுகிறவருக்கு மூன்றாம் வகை.

பந்தயத் திடலுக்கென்றே செய்யும் டயர்கள் சிலவற்றில் தண்ணீரை வெளியேற்றும் வரிகள் மிகக் குறைவு. வறண்ட தரையில் பசை போல் ஒட்டும், மழையில் கைவிட்டுவிடும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு மழை வந்தால் ஓரத்தில் நிறுத்தி வேறு டயர் மாட்டித் தர ஆள் உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை.

செல்போனில் வெளிநாட்டுச் சோதனைகளைப் பார்த்துப் பிள்ளைகள் டயர் தேர்வு செய்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் அந்த நாட்டுக் குளிர் வேறு, அளவு வேறு. அதே பெயரில் அங்கே விற்கும் டயரும் இங்கே விற்கும் டயரும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் கைச்சாத்து

டயரின் பக்கச்சுவரில் எல்லாம் எழுதியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. ஐ20 என்-லைன் காரின் 195/55 ஆர்16 அளவை எடுத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் அங்குலம்.

அடுத்து 87 என்பது போல ஓர் எண் வரும். அது சுமை எண். 87 என்றால் அந்த டயர் 545 கிலோ தாங்கும். நான்குக்கும் சேர்த்து 2,180 கிலோ. தாராளமாகத் தோன்றும். ஆனால் பின்சீட்டை மடக்கி 50 கிலோ பருப்பு மூட்டை ஆறு ஏற்றினால் அந்த 300 கிலோவும் பெரும்பாலும் பின் இரண்டு டயர்களில் விழுகிறது. சரக்கு வண்டி செய்ய வேண்டிய வேலையை வேகக் காரிடம் கொடுப்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். அவசரத்துக்கு ஏற்றினாலும், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று பார்த்து நிரப்பிய பிறகே கிளம்ப வேண்டும்.

சுமை எண்ணை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 வரை தாங்கும். நம் நாட்டில் எந்தச் சாலையிலும் சட்டம் 120க்கு மேல் அனுமதிப்பதில்லை. பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். இந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் அல்ல, சூட்டைத் தாங்கும் கட்டமைப்புக்கும் சாட்சி. ஆகவே கார் கம்பெனி கொடுத்த எழுத்துக்கும் சுமை எண்ணுக்கும் கீழே இறங்கி வாங்கக் கூடாது. மேலே போகலாம்.

சில டயர்களில் டிரெட்வேர் என்று போட்டு 300, 400 என்று எண் இருக்கும். எண் குறைந்தால் ரப்பர் இளகியது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்கிறார். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டால் அது ஆளுக்கொரு படிக்கல்லால் அளந்தது போலாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நான்கு இலக்கத் தேதி. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் சிறு வட்டத்துக்குள் 2325 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் காருக்கு அடியில் போய்விடும். எனவே ரிம்மில் ஏற்றுமுன் நான்கையும் உருட்டிப் பார்த்துவிட வேண்டும்.

தேங்கிய சரக்கும் புதிய சரக்கும்

வேகக் கார்களின் டயர் அளவு சின்ன ஊரில் ஓடாத சரக்கு. சாதாரணக் கார் டயர் மாதம் பத்து ஜோடி போகிற கடையில் 195/55 ஆர்16 ஆண்டுக்கு ஒரு ஜோடி போனால் பெரிது. அப்படியிருக்க, ‘கைவசம் இருக்கு, உடனே மாட்டிடலாம்’ என்றால் அது எப்போது வந்த சரக்கு என்று வியாபாரிக்கு வியாபாரி சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், வெளிநாட்டில் செய்த சில ரகங்களில் தேதி பார்ப்பது இன்னும் அவசியமாகிவிட்டது.

நிழலில், காற்றோட்டமாக, அடுக்கு முறை தவறாமல் வைத்திருந்த டயர் ஓராண்டு பழையதானாலும் குறையில்லை. மூன்று நான்கு ஆண்டு தகரக் கொட்டகையின் சூட்டில் கிடந்ததற்கு முழு விலை கேட்டால் அது நியாயமில்லை. நமக்கு இதில் அவசரமும் தேவையில்லை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இருப்பது நம் மாநிலத்தில். அப்போலோவுக்கு ஒரகடத்திலும், ஜே.கே. டயருக்கு ஸ்ரீபெரும்புதூரிலும், மிஷலினுக்குத் தேர்வாய்க்கண்டிகையிலும் ஆலைகள் உண்டு. எல்லா ரகமும் இங்கேயே தயாராவதில்லை என்றாலும், ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி வைத்தால் மதுரை மொத்த வியாபாரி மூலம் புதிய தேதிச் சரக்கு வர வழி இருக்கிறது. டயர் கடைக்காரருக்கும் பணம் முடங்காது.

விலையில் ஒரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூ.5,000 அடக்கமுள்ள டயர் முன்பு ரூ.6,400; குறைத்தபின் ரூ.5,900. இந்த ஐந்நூறு ரூபாய் பில்லில் தெரிய வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் அது தெரியாது. பிற்பாடு உத்தரவாதம் கேட்கவும் முடியாது. நம் வாடிக்கையாளர் பில் கேட்டால் கொடுக்கிற நாம், கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்குக் கூச்சப்படுவது ஏன்?

நம் மண்ணுக்குச் சில எச்சரிக்கைகள்

அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்கும் வழக்கம் பிள்ளைகளிடம் பரவுகிறது. 195/55 ஆர்16 இருந்த இடத்தில் 215/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். 621 மில்லிமீட்டர் 625 ஆகிறது. ஆனால் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டரிலிருந்து 97க்குக் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் ஒரு சென்டிமீட்டர் போய்விட்டது. தார் பெயர்ந்து ஜல்லி நீட்டிக்கொண்டிருக்கும் கிராமத்துச் சாலை ஓரங்களில் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் டயரையும் அலாய் வீலையும் காக்கிறது. பக்கச்சுவர் ஒருமுறை புடைத்துவிட்டால் அந்த டயர் முடிந்தது. அதற்கு வைத்தியம் கிடையாது.

சீமைக்கருவேல முள் நம் ஊர்ச் சொத்து. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று உடனே இறங்காது; அதுவே ஏமாற்றும். பத்து நாள் குறைந்த காற்றோடு ஓடி, பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, நான்கு வழிச் சாலையில் ஒரு நாள் வெடிக்கிறது. வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பதே இதற்கு மருந்து. பட்டன் பகுதியில் ஏறிய முள்ளை உள்ளிருந்து ஒட்டுப் போட்டு அடைக்கலாம். பக்கச்சுவரில் ஏறினால் அடைத்து ஓட்டக் கூடாது.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. ஐந்தாறு டிகிரி சூடு கூடினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பதை அறிந்தேதான் கம்பெனி அளவு சொல்கிறது. காலையில், வண்டி ஓடுமுன், குளிர்ந்த டயரில் அந்த அளவை வைத்தால் போதும். நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசைவிட வாரந்தோறும் பார்ப்பது பலன் தரும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். வரிப் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேட்டுக் குறியோடு பட்டன் சமமாகும் வரை காத்திருப்பதும் வேண்டாம். ஐப்பசிக்கு முன் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை அப்போதே மாற்றுவது நல்லது.

சங்கம் செய்ய வேண்டியது

டயர் வியாபாரிகளும் நம் சகோதர வணிகர்களே. அவர்கள் மேல் பழி சொல்ல இதை எழுதவில்லை. கேட்காத வாடிக்கையாளரிடம் எந்த வியாபாரியும் தானாகத் தேதி காட்டுவதில்லை; நம் கடையிலும் அதுதான் நடக்கிறது. கேட்கிற வாடிக்கையாளர் வந்தால் கடையின் தரம் தானாக உயரும்.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். ஒன்று: உறுப்பினர்களாக உள்ள டயர் கடைக்காரர்கள் அளவு, தயாரிப்பு வாரம், வரி உள்பட விலை ஆகியவற்றைப் பலகையில் எழுதி வைக்கக் கேட்டுக்கொள்வது. இரண்டு: பில்லில் டயரின் வரிசை எண்ணையும் நான்கு இலக்கத் தேதியையும் குறித்துக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டு வருவது. மூன்று: ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், உறுப்பினர்களின் கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் டயர் ஆழமும் காற்றும் பார்த்துச் சொல்லும் முகாம் நடத்துவது. ஓர் ஆழமானியும் ஒரு காற்றுமானியும் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

பிள்ளைகள் வேகக் கார் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறோம், அவர்கள் கேட்பதில்லை. அதைவிட, டயர் வாங்கும் நாளில் கல்லாவை அரைமணி நேரம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களோடு நாமும் கடைக்குப் போய், பக்கச்சுவரைப் படித்து, தேதி பார்த்து, பில் வாங்கி வருவது பயன் தரும். இந்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று இரவு கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நம் காரின் டயரில் அந்த நான்கு எண்களைத் தேடிப் பார்ப்போம்.